முகத்துக்கு ஒரு தாள், முடிக்கு இன்னொரு தாள்

ஓல்னே-சூ-புவாவில் என் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மட்டும் மூன்று பார்பர் ஷாப் இருக்கிறது. ஆனாலும் மாதம் ஒருமுறை ஆர்.இ.ஆர். பி பிடித்து, கார் து நோரில் இறங்கி, லா ஷப்பல் வரை நடந்துபோய்த்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. "காதுக்கு மேல கொஞ்சம் விடுங்க, பின்னாடி ஒட்ட வெட்டுங்க" என்பதை பிரெஞ்சில் சொல்ல எனக்கு ஒன்பது வருஷமாகியும் வரவில்லை. ஆபீஸில் சர்வர் விழுந்தால் ஒரு மணி நேரம் பிரெஞ்சிலேயே விளக்குவேன். கிருதாவுக்கு என்ன வார்த்தை என்று கேட்டால் முழிப்பேன்.

நான் போகும் கடை சின்னது. முன்னால் ஆண்களுக்கு இரண்டு நாற்காலி. பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னே புருவத்துக்கு நூல் போடுவது, ஃபேஷியல், வாக்ஸிங். முன்பக்கம் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், வயது அறுபதை நெருங்குகிறது. பின்பக்கம் ஒரு அக்கா. சனிக்கிழமை கூட்டம் வழிந்தால், முக்கியமாக மாணிக்கப் பிள்ளையார் தேர் வருவதற்கு முந்தைய வாரம், அக்காவும் முன்னால் வந்து இரண்டாவது நாற்காலியை எடுத்துக்கொள்வார். சின்னப் பையன்கள் அவரிடம்தான் அழாமல் உட்காருவார்கள். நானும் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். அண்ணரை விட அக்காவின் கை சுத்தம் என்று ரகசியமாக ஒரு கருத்து எனக்கு உண்டு.

போன அக்டோபரில் வெட்டி முடித்துத் துணியை உதறும்போது அக்கா கேட்டார்: "தம்பி, நீங்கள் கொம்பியூட்டர் படிச்சனீங்கள்தானே? ஒரு ஃபோம் இருக்கு. ஒருக்கா பாருங்கோவன்."

விஷயம் இதுதான். அண்ணர் கடையை விட்டுப் போகிறார். மகன் லண்டனில், மனைவி ஏற்கனவே அங்கே, விசாவும் வந்துவிட்டது. கடையை அக்கா எடுத்து நடத்துவதாகப் பேச்சு. வாடகை ஒப்பந்தம், நாற்காலி, கிளிப்பர், வாடிக்கையாளர் எல்லாம் அப்படியே இருக்கும். போவது அண்ணரும், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் அவருடைய தாளும் மட்டும்தான். அந்தத் தாள் போனால் முன்பக்கத்து இரண்டு நாற்காலியும் சட்டப்படி செத்துப்போகும்.

எனக்கு முதலில் புரியவில்லை. அக்காவிடமும் தாள் இருக்கிறதே! பிரான்சுக்கு வந்து, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, பகலில் வேலை, இரவில் படிப்பு என்று முப்பத்தெட்டு வயதில் வாங்கிய சே-ஆ-பே. அழகுக் கலைக்கான இந்நாட்டு அரசுச் சான்றிதழ். தோலின் அடுக்குகள், கிருமி, கருவி சுத்தம், ரசாயனம் எல்லாம் படித்து, பரீட்சை எழுதி, ஆள் வைத்துச் செய்துகாட்டி வாங்கியது. ஆனால் அது முகத்துக்கான தாள். முடிக்கு வேறு தாள். முகம் எங்கே முடிகிறது, முடி எங்கே ஆரம்பிக்கிறது என்று எல்லை போட்டு வைத்திருக்கிறது இந்த நாடு. அந்த எல்லையில், காதுக்கு முன்னால் இறங்கும் கிருதாவில், அக்கா நிற்கிறார்.

சட்டம் பழையது. 1946 மே 23-ம் தேதிச் சட்டம். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில் பிரான்ஸ் உட்கார்ந்து யார் சலூன் நடத்தலாம் என்று எழுதியிருக்கிறது. 1996-ல் கைத்தொழில்களுக்கான பொதுச் சட்டம் ஒன்று வந்து மற்ற பல தொழில்களையும் சேர்த்துக்கொண்டது. இப்போது எல்லாம் 2023-ல் வந்த கைத்தொழில் சட்டத்தொகுப்புக்குள் இருக்கிறது. சாரம் மாறவில்லை. சலூன் என்று கதவைத் திறந்தால், அந்தக் கடை பே-பே எனப்படும் பிரவே புரொஃபெஸ்யொனெலோ, மேத்ரீஸ் என்ற மேல்நிலைச் சான்றிதழோ, அதே துறையில் அதற்கு இணையாகப் பதிவான ஒன்றோ வைத்திருக்கும் ஆளின் நேரடியான, இடைவிடாத கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கடையில் வெட்டுகிற எல்லோரிடமும் தாள் இருக்க வேண்டியதில்லை. தாள் உள்ளவர் கடையில் இருக்க வேண்டும். அதனால்தான் அக்கா இத்தனை வருஷம் வெட்டியது குற்றமில்லை. அண்ணர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அண்ணர் யூரோஸ்டாரில் ஏறிய நிமிஷத்திலிருந்து அதே கை, அதே கத்தரிக்கோல் சட்டவிரோதம். அபராதம் 7,500 யூரோ வரை போகலாம்.

அக்காவின் பின்பக்கத்துத் தொழிலுக்குச் சட்டம் இவ்வளவு கறார் இல்லை. அழகுப் பராமரிப்புக்கு ஒரு சே-ஆ-பே போதும். அது இல்லாவிட்டாலும் ஐரோப்பாவுக்குள் மூன்று வருஷம் அந்த வேலையைச் செய்த அனுபவத்தைக் காட்டலாம். சலூன் திறக்க அனுபவம் மட்டும் போதாது. வீடு வீடாகப் போய் வெட்டுவதென்றால் முடிக்கான சே-ஆ-பே போதும். கடை என்று வந்தால் அதற்கு மேல் பே-பே. சாதாரண வழியில் போனால் சே-ஆ-பே-க்கு இரண்டு வருஷம். ஏற்கனவே ஒரு சே-ஆ-பே இருப்பதால் பொதுப்பாடங்கள் தள்ளுபடி, ஒரே வருஷத்தில் முடிக்கலாம். பிறகு பே-பே இரண்டு வருஷம். ஆக மூன்று வருஷம். பதினெட்டு வயசுப் பையன் என்றால் அப்ரான்திசாஜ் ஒப்பந்தத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே படித்துவிடுவான். அந்த ஒப்பந்தம் பொதுவாக முப்பது வயதுக்குள் தொடங்குகிறவர்களுக்கு. அக்காவுக்கு நாற்பத்தாறு.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று. 2,000 பேருக்குக் குறைவாக வாழும் ஊரில், வேறு தொழில் செய்கிறவர் பக்கத் தொழிலாக ஆண்களுக்கு முடி வெட்டினால் தாளே வேண்டாம் என்று அதே 1946 சட்டம் விலக்கு கொடுக்கிறது. கபே நடத்துகிறவர் மத்தியானம் கத்தரிக்கோல் எடுக்கலாம். கிராமத்துக்காரன் தலை என்ன வேறு தலையா? எண்பதாயிரம் பேருக்கு மேல் வாழும் ஓல்னேவில் என் தலைக்கு மட்டும் ஏன் இத்தனை பாதுகாப்பு?

சரி, பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பதால் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கூச்சம் உண்டு. வங்கியின் சர்வரில் கைவைக்க யாரும் என்னிடம் அரசாங்க லைசென்ஸ் கேட்டதில்லை. நான் தப்பாக ஒரு வரி எழுதினால் லட்சம் பேருக்குக் காசு போகாது. ஆனால் யாருக்கும் ரத்தம் வராது. சவரக்கத்தி வேறு. மஞ்சள் காமாலை பி, சி வகைக் கிருமிகள் ரத்தத்தில் பரவும்; ஒரே பிளேடை இரண்டு பேருக்குப் போட்டால் போதும். கிளிப்பரைச் சுத்தம் செய்யாமல் அடுத்த தலைக்கு வைத்தால் படர்தாமரை தொற்றும். பின்கழுத்தை ஒட்ட வெட்டுகிற ஃபேட் ஸ்டைல் வந்த பிறகு, ஐரோப்பாவில் பல நாட்டுத் தோல் மருத்துவர்கள் இளைஞர்களிடம் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கத்தி பிடிக்கிறவருக்குப் படிப்பு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கேள்வி வேறு. கிருமி பற்றியும் தோல் பற்றியும் ஏற்கனவே அரசுப் பரீட்சை எழுதித் தேறியவர், அடுத்த அறையிலிருந்து முன் அறைக்கு வர ஏன் முதல் படியிலிருந்து ஏற வேண்டும்? அதைவிடக் குடைச்சலானது பே-பே பாடத்திட்டம். ஆண்களுக்கு மட்டும் வெட்டும் கடை நடத்தப்போகிறவரும் பெண்களுக்கான கலர், கட், ஸ்டைலிங் எல்லாவற்றிலும் தேற வேண்டும். நம்ம தாடி மீசைக்கு அதில் "சிஸ்டெம் பிலோ-ஃபாசியால்" என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துக் காட்டியதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "தாடிக்கு இவ்வளவு பெரிய பேரோ?"

அமெரிக்காவில் இதே பிரச்சினை வேறு மாதிரி தீர்க்கப்படுகிறது. அங்கே அழகுக்கலை லைசென்ஸ் ஒன்று, பார்பர் லைசென்ஸ் ஒன்று. தலைமுடி வெட்டுவது இரண்டிலும் வரும். பல மாநிலங்களில் பெரிய வித்தியாசம், திறந்த சவரக்கத்தியால் முகம் மழிப்பது. அது பார்பருக்கு மட்டும். பயிற்சியை வருஷத்தில் சொல்ல மாட்டார்கள், மணி நேரத்தில் சொல்வார்கள். கலிபோர்னியாவில் 2022 முதல் இரண்டுக்கும் 1,000 மணி நேரம். ஒன்றை வைத்திருப்பவர் மற்றதற்கு மாற, விடுபட்ட பாடத்துக்கு மட்டும் குறைந்த மணி நேரப் பயிற்சி எடுக்க பல மாநிலங்களில் வழி உண்டு. 'கிராஸ்ஓவர்' என்கிறார்கள். டெக்ஸாஸ் 2021-ல் பார்பர், அழகுக்கலை இரண்டு துறையையும் ஒரே சட்டத்துக்குள் இணைத்தேவிட்டது. அமெரிக்கா எல்லாவற்றிலும் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் தெரிந்ததைக் கழித்துவிட்டுத் தெரியாததை மட்டும் படி என்பது எந்த ஊரிலும் நியாயமான கணக்கு. அக்காவுக்குத் தேவை அதுதான்.

லண்டன் போகிற அண்ணருக்கோ எதுவுமே தேவையில்லை. பிரிட்டனில் முடி வெட்ட லைசென்ஸ் கிடையாது. 1964-ல் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. விருப்பம் இருந்தால் பெயர் பதியலாம், அவ்வளவே. தாள் உள்ளவர் தாள் கேட்காத நாட்டுக்குப் போகிறார். தாள் இல்லாதவர் தாள் கேட்கும் நாட்டில் நிற்கிறார். ஜெர்மனியிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் உங்களுக்கு மூன்று வருஷம்தானே என்பீர்கள். அங்கே மைஸ்டர் பட்டம் இல்லாமல் சலூன் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும்.

பிரான்சிலும் இதைத் தளர்த்தப் பேச்சு வராமல் இல்லை. 2008-ல் அத்தாலி கமிஷன், போட்டிக்குத் திறந்துவிட வேண்டிய தொழில்கள் என்று டாக்ஸியோடு சலூனையும் சேர்த்தது. 2016-ல் மக்ரோன் பொருளாதார அமைச்சராக இருந்தபோது மறுபடி கிளம்பியது. சலூன்காரர்களின் சங்கங்கள் எதிர்த்தன, விதி நின்றது. அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு வருஷம் படித்துக் கடை வைத்தவருக்கு, எதிர்க்கடையில் படிக்காதவர் பாதி விலைக்கு வெட்டினால் வயிறு எரியத்தான் செய்யும்.

விதி இப்படி இறுக்கமாக இருக்கும்போது நம்மவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்று உண்டு. எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுத மாட்டோம். டிப்ளோம் வாடகை. பே-பே வைத்திருக்கும் யாரோ ஒருவருக்கு மாதாமாதம் ஒரு தொகை, அவர் பெயர் காகிதத்தில், ஆள் கடைப்பக்கமே வரமாட்டார். அக்காவுக்கும் அப்படி ஒருவரைக் காட்டினார்கள். "எல்லாரும் செய்யினம், நீ மட்டும் ஏன் பயப்பிடுறாய்" என்று சொந்தக்காரர்களே சொன்னார்களாம். சட்டம் கேட்பது நேரடியான, இடைவிடாத கட்டுப்பாடு. பரிசோதனைக்கு வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே "அந்த ஆள் எங்கே" என்பதுதான். மாட்டினால் தாள் கொடுத்தவருக்கும் சிக்கல், வாங்கியவருக்கும் சிக்கல். மாட்டாவிட்டால் இன்னும் மோசம். உங்கள் கடை உங்களுடையது இல்லை. அவர் தொகையை ஏற்றினால் ஏற்றிக் கொடுக்கணும், கோபித்துக்கொண்டால் ஷட்டரை இறக்கணும்.

தாள் இல்லாதவர்களின் நிலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். லா ஷப்பலிலிருந்து தெற்கே கால்மணி, இருபது நிமிஷம் நடந்தால் ஷத்தோ தோ. பூல்வார் து ஸ்த்ராஸ்பூரில் 57-ம் இலக்கக் கடையில், 2014-ல் முடியும் நகமும் செய்யும் தொழிலாளர்கள் 18 பேர் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்து கடையிலேயே உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள், விசா இல்லாதவர்கள். சே-ஜே-தே தொழிற்சங்கம் கூட நின்றது. 2018-ல் பாரிஸ் நீதிமன்றம் அதை வெறும் சம்பளத் தகராறாகப் பார்க்கவில்லை, மனிதக் கடத்தல் என்று தீர்ப்பளித்தது. அவர்களுக்கு இல்லாத தாள் வேறு, அக்காவுக்கு இல்லாத தாள் வேறு, நான் குழப்பவில்லை. ஆனால் தாள் இல்லாதவரின் உழைப்பில் தாள் உள்ளவர் உட்கார்ந்து சாப்பிடுவது இரண்டிலும் ஒன்றுதான்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 'பார்பியே பயிற்சி, ஐந்து நாள், சான்றிதழுடன்' என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வரும். ஃபேட் கற்றுக்கொள்ள நல்லது. கடை திறக்க அது செல்லாது. பணம் கட்டும் முன் அந்தச் சான்றிதழ் பே-பே நிலைக்கு இணையாகப் பதிவானதா என்று கேளுங்கள்.

அக்கா என்னிடம் நீட்டிய ஃபோம் வே-ஆ-ஓ. அனுபவத்தைப் பட்டமாக மாற்றும் வழி. 2002 சட்டத்தில் வந்தது. குறைந்தபட்சம் இத்தனை வருஷம் என்ற நிபந்தனையையும் 2022 டிசம்பர் சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். என்ன வேலை செய்தேன், எப்படிச் செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதி ஒரு ஜூரி முன்னால் பேச வேண்டும். முழுதாகவும் கொடுக்கலாம், பாதியும் கொடுக்கலாம். பாதி கிடைத்தால் மீதிப் பாடத்தை மட்டும் பரீட்சையாக எழுதலாம். கிட்டத்தட்ட அந்தக் கிராஸ்ஓவர்தான், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரி.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். கஷ்டம் பிரெஞ்சில் இல்லை. அக்காவின் ஆறு வருஷச் சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் "எஸ்தெத்திசியென்" என்று இருக்கிறது. வெட்டிய ஒரு தலைகூட காகிதத்தில் இல்லை. அண்ணர் கைப்பட ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். அதைவிடக் கஷ்டம், அக்கா தன் வேலையைச் சொல்ல மாட்டேன் என்றது. "என்னெண்டு எழுதுறது தம்பி? வெட்டுறன், அவ்வளவுதான்." நான் கேள்வி கேட்டேன், டைப் செய்தேன். சுருள்முடிப் பையன் வந்தால் முதலில் என்ன பார்ப்பீர்கள்? உச்சியில் சுழி எங்கே என்று பார்ப்பேன். ஏன்? அங்கே ஒட்ட வெட்டினால் நட்டுக்கொண்டு நிற்கும். தோலில் புண் இருந்தால்? வெட்டமாட்டேன், டொக்டரிட்டப் போகச் சொல்லுவேன். கிளிப்பர்? ஒவ்வொரு ஆளுக்கும் பிறகு தூரிகை, பிறகு ஸ்ப்ரே, அது காய நேரம் கொடுக்கணும், அதுக்குத்தான் இரண்டு கிளிப்பர். இப்படியே முப்பது பக்கம் வந்தது. தனக்கு இவ்வளவு தெரியும் என்று அக்காவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு ஒன்று சொன்னார். "வீட்டில ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை தம்பி. பியூட்டி பார்லர் எண்டால் சரியாம். ஆம்பிளையளுக்குத் தலைமயிர் வெட்டுற கடை எண்டால் ஊரில என்ன கதைப்பினமாம்."

என்ன கதைப்பார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியும். யாழ்ப்பாணத்தில் பரியாரி என்று ஒரு சொல் உண்டு. வைத்தியருக்கும் அதுதான், முடி வெட்டுகிறவருக்கும் அதுதான். எங்கள் தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்துக்கே மருத்துவர் என்று பெயர். அந்த வீட்டுப் பெண்கள்தான் ஊருக்குப் பிரசவம் பார்த்தார்கள். ஐரோப்பாவிலும் அப்படித்தான். அம்புருவாஸ் பாரே என்ற பெரிய அறுவை மருத்துவர் பார்பராகத் தொழில் தொடங்கியவர், 1743-ல்தான் பதினைந்தாம் லூயி காலத்தில் கத்தியையும் கத்தரியையும் பிரித்தார்கள். இங்கே பிரித்துவிட்டுப் படிப்பு வைத்தார்கள். நாம் பிறப்பை வைத்தோம். யாழ்ப்பாணத்தில் கோயிலுக்குள் விடாத ஐந்து சாதிகளில் முடி வெட்டுகிறவர்களும் ஒன்று. கே. டானியல் 1972-ல் நாவல் எழுதி அதற்குப் 'பஞ்சமர்' என்று பெயர் வைத்தது அவர்களையும் சேர்த்துத்தான்.

என் ஊர் ஒன்றும் மேல் இல்லை. எனக்கு எட்டு வயதில் முடி வெட்ட வீட்டுக்கு வந்தவர் என் தாத்தாவை விட மூத்தவர். கொல்லைப்புறம் வழியாக வருவார். நான் அவரைப் பெயர் சொல்லி, வா போ என்று கூப்பிட்டேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் என்னை "சின்ன ஐயா" என்றார். லா ஷப்பலில் அதே வேலை செய்கிறவரை வாய் நிறைய அண்ணா என்கிறேன், அவர் என்னைத் தம்பி என்கிறார். இதற்கு நான் பாரிஸ் வர வேண்டியிருந்தது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அதனால் அந்தக் கண்ணாடிச் சட்டத்துத் தாளை வெறும் அதிகாரத் தொல்லை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. தொண்ணூற்றி மூன்றாம் மாவட்டத்தில் இன்றைக்கு எந்த வீட்டுப் பிள்ளையும் முடி வெட்டப் படிக்கப் போகலாம். தகப்பன் என்ன செய்தான் என்று பள்ளியில் கேட்கமாட்டார்கள். கல்யாணப் பேச்சில் கேட்பார்கள், அது வேறு. தாளை எடுத்துவிடு என்பது என் கோரிக்கை இல்லை. எட்டக்கூடிய இடத்தில் வை. ஆண்கள் கடைக்கு மட்டுமான ஒரு பே-பே வரட்டும். அழகுக் கலை சே-ஆ-பே வைத்திருப்பவருக்குக் கத்தி, கிளிப்பர், கட் இவற்றுக்கு மட்டும் சில மாதப் பாலம் போடட்டும். இங்கே தொழில் சங்கங்களில், நகரசபைகளில் நம்மவர்கள் இருக்கிறார்கள். தேர் வீதிக்கு அனுமதி கேட்கப் போகும்போது இதையும் ஒரு வரி கேட்கலாம்.

ஃபைல் ஜனவரியில் போயிற்று. ஜூரி தேதி இன்னும் வரவில்லை. வாடகை டிப்ளோமை அக்கா வேண்டாம் என்றுவிட்டார். பே-பே உள்ள ஒரு பெண்ணை அரைநேரத்துக்கு வேலைக்கு எடுத்திருக்கிறார், அவர் இருக்கும் மணி நேரத்துக்கு மட்டும் முன்பக்க நாற்காலி திறக்கும், மற்ற நேரம் துணி போட்டு மூடிவிடுவார். வருமானம் பாதி. இரவில் ஒரு பொம்மைத் தலைக்குக் கலர் போட்டுப் பழகுகிறார். மகள் யூடியூப் பார்த்து அளவு சொல்கிறாள்.

ஜூரி எதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், ஆண்கள் கட்டிங்கும் தாடியும் உள்ள பாடத்தைப் பரீட்சையாகவே எழுதப்போகிறாராம். "எழுதினதை நம்புவினமோ தெரியாது, கையால செய்து காட்டுறன்." பரீட்சைக்கு மாடலை நாமே கூட்டிக்கொண்டு போகணும். தாடி உள்ள ஆள் வேண்டும். நான் வளர்க்க ஆரம்பித்து மூன்று வாரமாகிறது. கன்னத்தில் ஒரு பக்கம் சரியாக முளைக்கவில்லை, வீட்டில் பார்க்கச் சகிக்கவில்லை என்கிறார்கள். அக்கா மட்டும் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, இன்னும் ரெண்டு கிழமை விடுங்கோ" என்றார்.